குறையாது

சம்மாந்துறைக் கெம்பஸில் முதல் ட்யூட்.
முதல் கேள்வியிலேயே சிவப்புப் பேனா.

ஃபைவ் லெஸ் தேன் ட்வைஸ் எ நம்பர்.
நான் எழுதியது: ஐந்து கழித்தல் இரண்டு எக்ஸ்.
ஐந்தைத்தானே முதலில் சொன்னார்கள்?
முதலில் வந்தவரை முதலில் இருத்துவதுதான்
எங்கள் ஊர்க் கல்யாணவீட்டுப் பந்தி.

தமிழில் இந்த வில்லங்கம் இல்லை.
எண்ணை எடு. இரட்டி. ஐந்தைக் கழி.
கை செய்யும் வரிசையில் வாய் சொல்லும்.
இங்கிலீஷில்
கழிந்து போகப்போகிறவர் வாசலில் வந்து நிற்கிறார்,
வீட்டுக்காரர் பின்னால் ஆறுதலாக வருகிறார்.

பக்கத்துக் கட்டில் ஷிஃபானா, மருதமுனை.
அவள் விழுந்த கிடங்கு வேறு: அட் லீஸ்ட் மூன்று.
லீஸ்ட் என்றால் ஆகச் சிறியது,
ஆகவே மூன்றும் அதற்குக் கீழும் என்று
குறியின் அலகைப் பிழையான பக்கம் பிளந்து வைத்தாள்.
நான் அதைப் பார்த்து எழுதினேன்.
இரண்டு பேருக்கும் ஒரே முட்டை.

லெக்சரில் இன்னும் மோசம்.
சேர் அட் மோஸ்ட் என்றார், எனக்கு ஓல்மோஸ்ட் என்று கேட்டது.
ஆகக் கூடினால் பத்து என்பதை
கிட்டத்தட்டப் பத்து என்று எழுதி
அடிக்கோடும் போட்டேன், அடிமட்டம் வைத்து.

முன்வரிசைத் தில்ருக்ஷி, அம்பாறை டவுன்.
சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தபடி
தன் தாளைத் திருப்பிக் காட்டினாள்.
அவளுடைய அலகும் எங்களுடையதைப் போலவே
பிழையாகத் திறந்திருந்தது.
அன்று பின்னேரம் மூவரும் ஒன்றாகத் தேத்தண்ணி குடித்தோம்.

மீன் கதை தனி.
ஏழு தோணிகள், ஏழு நாள் மீன்பாடு, ஓர் அட்டவணை.
கீழே ஒரு வரி: ஃபைண்ட் த மீன்.
வாப்பாவின் தோணியைத் தேடுகிறவள்போல்
ஷிஃபானா கட்டங்களுக்குள் விரலை விட்டுத் துழாவினாள்.
"மீன் எங்கடி? கிலோக்கணக்கு மட்டும்தானே கிடக்கு."
அது சராசரி என்று தெரிந்த இரவு
வார்டனுக்குக் கேட்காமல் சிரிப்பதற்கு
தலையணை தேவைப்பட்டது.

வெள்ளிக்கிழமை, மழை.
திருக்கோவில் பஸ்ஸுக்கு அக்கரைப்பற்றில் இறங்கி நின்றேன்.
சைக்கிள் பெட்டியிலிருந்து ஒருவர்
பாரைக்குட்டியைச் செவுளில் பிடித்துத் தூக்கினார்:
"எண்ணூறுக்குக் குறையாது, தங்கச்சி."
ஃபோனில் அம்மா:
"எழுநூறுக்கு மேல குடுக்காத."

ஒரு காதில் அட் லீஸ்ட்.
மறு காதில் அட் மோஸ்ட்.
நடுவில் குடையோடு நான்.
இருவருக்கும் பொதுவான தீர்வுகளின் தொடை
சூனியத் தொடை.

வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.
ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதினேன்:
விலை, எண்ணூறு, நடுவில் ஓர் அலகு,
வாய் விலைப் பக்கம், கீழே ஒரு கோடு.
குறையாது. அவ்வளவுதான்.
லீஸ்ட் என்ற சொல்லின் வாலைப் பிடித்துத் தொங்கியிருக்கிறேன்
இவ்வளவு நாளும்.
பெட்டிக்காரர் அந்தக் குறியை
ஒரு நாளைக்கு நூறு தரம் போடுகிறார்,
பேனா இல்லாமல்.

ஞாயிறு இரவு ஷிஃபானாவுக்குச் சொன்னேன்.
தில்ருக்ஷிக்குச் சொல்ல
கொஞ்சம் தமிழ், கொஞ்சம் சிங்களம்,
மிச்சத்துக்கு ஒரு மீன் படம் தேவைப்பட்டது.

சோதனையில் நொட் லெஸ் தேன் வந்தது.
பாரைக்குட்டி வாயைத் திறந்தது, சரியான பக்கம்.
மண்டபத்தின் மூன்று மூலைகளில்
மூன்று பேர் குனிந்தபடி சிரித்திருப்போம்.

பக்கத்தைப் புரட்டினேன்.
வித்தவுட் லொஸ் ஒஃப் ஜெனரலிட்டி.

வெளியே வந்ததும் ஷிஃபானாதான் முதலில் கேட்டாள்:
"எந்த ஜெனரல்டி அது?
அவருக்கு ஒரு நட்டமும் வராம
நாம ஏன் பாக்கணும்?"

தில்ருக்ஷி பேனா மூடியைக் கடித்தபடி
என் முகத்தைப் பார்த்தாள்.
நான் ரோட்டைப் பார்த்தேன்,
யாராவது சைக்கிளில் வருகிறார்களா என்று.